ட்ரா கையோடு அடிப்பதா, கால் பண்ணிப் பார்ப்பதா?

போக்கர் சீட்டாட்டம். கையில் இஸ்பேடு 9, 8. தரையில் முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டில், அதாவது ஃப்ளாப்பில், இஸ்பேடு கிங், இஸ்பேடு 4, டைமண்ட் 2. இன்னொரு இஸ்பேடு விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ்; விழாவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் கைதான் ட்ரா. நடுவில் சேர்ந்த பந்தயத்தில், அதாவது 'பாட்'டில், 100 இருக்கிறது, ஆளுக்கு 300 மீதி. எதிராளி 60 போடுகிறார், உங்களுக்குப் பின்னால் பேச யாரும் இல்லை.

கிருஷ்ணகிரியில் நாங்கள் நோ லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆடும் வட்டத்தில் இந்த இடம் வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். 60 கொடுத்து அடுத்த சீட்டைப் பார் (கால்) என்பது ஒரு கட்சி. 300-ஐயும் நடுவில் தள்ளு (ஆல் இன்) என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் எந்த மேசையிலும் அல்ல.

முதலில் கால். பார்க்காத சீட்டு 47, அதில் இஸ்பேடு 9. டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டில், விழ வாய்ப்பு 19 சதவீதம். 47 முறை ஆடினால் 38 முறை 60 போகும், அதாவது 2280. அதை மீட்க, கிடைக்கும் 9 முறையும் தலா 253 வர வேண்டும். பாட்டில் இப்போது இருப்பது 160. ஆக, ஃப்ளஷ் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் 93 கறக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். தரையில் மூன்றாவது இஸ்பேடு விழுந்ததும் சின்னப் பையனுக்கும் ஃப்ளஷ் தெரியும். கிங் ஜோடி வைத்திருப்பவர் கையை இறுக்கிக்கொள்வார். பெட் போடாமல் டர்னில் அவர் செக் பண்ணி ரிவரை (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இலவசமாகக் காட்டுவதும் உண்டு, ஆனால் அதை நம்பி 60 கொடுக்க முடியாது. போதாததற்கு நம் கையில் பெரியது 9 என்பதால் நம் ஃப்ளஷ், ஏஸோ ராணியோ வைத்திருக்கும் இன்னொரு இஸ்பேடுக்காரரிடம் தோற்கும். கையில் ஏஸ் இஸ்பேடு இருந்தால் கால் கட்சியின் வாதத்துக்கு எடை கூடும். இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) ட்ராவுக்கும் அப்படித்தான். அவுட், அதாவது கையை முடித்துத் தரும் சீட்டு, 8 என்றாலும் விழுந்தது வெளியே தெரியாது, காசு உள்ளே வரும்.

இனி ஆல் இன். எதிராளி ஃபோல்டு செய்தால், அதாவது சீட்டை மடித்தால், 160 சண்டையில்லாமல் நமக்கு. கால் செய்தால் பாட் 700 ஆகும். இரண்டு சீட்டும் பார்க்கப் போகிறோம் என்பதால் ஃப்ளஷ் விழும் வாய்ப்பு 35 சதவீதம். 700-இல் 35 சதவீதம் 245. போட்டது 300, எனவே சராசரி இழப்பு 55. மடித்தால் 160 லாபம், கால் பண்ணினால் சராசரியாக 55 நஷ்டம். நான்கில் ஒரு முறைக்குச் சற்றே அதிகமாக, நூற்றுக்கு 26 முறை, எதிராளி மடித்தாலே கணக்கு நேராகிவிடும். பாதி முறை மடித்தால் ஒவ்வொரு முறையும் 52 லாபம். ஒரே பெட்டுக்கு ஜெயிக்க இரண்டு வழி, இதற்கு 'செமி பிளஃப்' என்று பெயர் வைத்தவர் போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்ளான்ஸ்கி. 1976, 1977 இரண்டு ஆண்டும் தொடர்ந்து போக்கர் உலகப் பட்டம் வென்ற டாயில் பிரன்சன் ட்ராவோடு முதலில் பாய்வதையே தன் ஆட்டத்தின் அச்சாக வைத்திருந்தார். எதிராளி வைத்திருப்பது செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) என்றால் மட்டும் நம் வாய்ப்பு 25 சதவீதத்துக்குப் போய்விடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் அந்த 26-ஐ நம்பி நிற்கிறது. எங்கள் மேசையில் அது கிடைக்குமா?

நாங்கள் ஆடுவது புளியங்கொட்டைக்கு. புளி மண்டிகள் உள்ள ஊர், கொட்டைக்குப் பஞ்சமில்லை. காசு வைத்து ஆடுவதில்லை என்பது முதல் நாளே போட்ட விதி. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றமே தடை செய்துவிட்டது. வீடுகள் அழிந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தடையை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் கொட்டைக்கு ஆடினால் ஒரு விளைவு உண்டு: யாரும் மடிக்க மாட்டார்கள். 300 கொட்டையைத் தள்ளினால் எதிரே இருக்கும் தம்பி, "கொட்டைதானேண்ணா, பாத்துரலாம்" என்று கையில் ஏதோ சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு கால் பண்ணுவான். அந்த மேசையில் 26 இல்லை, 5 கூட இல்லை. ஒவ்வொரு தள்ளலுக்கும் 55-க்குப் பக்கமாக நஷ்டம். அங்கே கால் கட்சி சொல்வதே சரி. ஃப்ளஷ் விழுந்த பிறகும் அதே தம்பி கால் பண்ணுவான் என்பதால் அந்த 93-உம் தானாக வரும்.

பிறகு விதியை மாற்றினோம். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு கொட்டை, தீர்ந்தால் அன்று முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான், மறுபடி வாங்க முடியாது. அதற்குப் பிறகு ஆட்டமே வேறு. வெளியே உட்கார யாருக்கும் மனமில்லை, ஆல் இன் கேட்டதும் கிங் ஜோடிக்காரர் சீட்டை இருமுறை தூக்கிப் பார்க்கிறார். இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் மடிப்பார்கள், மடித்தால்தான் ட்ராவோடு அடிப்பது பலிக்கும். மேசையில் இருக்கும் ஆட்களைப் பார்க்காமல் சதவீதத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

டர்னுக்கு வந்துவிட்டால் என் கட்சியிலிருந்து நானே பாதி விலகுவேன். இன்னும் ஒரே சீட்டு, வாய்ப்பு 20 சதவீதத்துக்குள். அதே பாட், அதே 300 என்று வைத்தால் பாதிக்கு மேல் மடித்தால்தான் கட்டுப்படியாகும். அடிப்பதென்றால் ஃப்ளாப்பிலேயே அடிக்க வேண்டும். நடுச் சீட்டு ஒன்றுக்காகக் காத்திருக்கும் கட்ஷாட்டுக்கு ஃப்ளாப்பிலேயே இதே கதிதான்: 16.5 சதவீதம், மடிக்க வேண்டியது நூற்றுக்கு 54. எதிரே மூன்று பேர் ஆட்டத்தில் இருந்தால் தள்ளுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மூவரும் ஒன்றாக மடிப்பது அபூர்வம்.

ஒரே ஒரு கையில் இரண்டு கட்சிக்கும் சண்டை தேவையில்லை. அதே 9, 8 இஸ்பேடுக்கு ஃப்ளாப் இஸ்பேடு 7, இஸ்பேடு 2, ஆர்ட்டின் 10 என்று விழட்டும். ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலும் 6, மொத்தம் 15 அவுட். ரிவருக்குள் 54 சதவீதம். தம்பி கால் பண்ணினாலும் 300-க்கு 378 திரும்பும், அதாவது ஒரு ஜோடி வைத்திருப்பவருக்கு எதிராக முன்னால் இருப்பது நாம்தான். கொட்டை மேசையோ விதி மாற்றிய மேசையோ, இந்தக் கையை நான் தள்ளாமல் விட்டதில்லை.

தள்ளுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ட்ரா வந்தால் மட்டும் ரெய்ஸ், செட் வந்தால் மெதுவாகக் கால் என்று ஆடினால் நாலு ஆட்டத்தில் எல்லோருக்கும் விளங்கிவிடும், அந்த 26 போய்விடும். செட் வந்தாலும் அதே வேகத்தில், அதே அளவு தள்ளுங்கள்.