சியாட்டில் கார் டேப்ஸ்: அந்த 60 டாலருக்கு என்ன கிடைச்சுது? என் ரிவ்யூ

சியாட்டில்ல கார் வச்சிருக்குற நம்மாளுங்க எல்லாருக்கும் வருஷா வருஷம் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க ஒரு ரெனியூவல் பில் வரும், இதைத்தான் இங்க கார் டேப்ஸ்னு சொல்றது, அதைப் பாத்துட்டு டென்ஷன் ஆகாதவங்க கம்மி. மொத்தத் தொகையை மட்டும் பாத்துட்டு "கொள்ளை அடிக்கிறாங்க"னு சொல்லிட்டு கட்டிடுவோம். ஆனா அதுல சிட்டிக்குப் போற அந்த ஒரு லைனை மட்டும் தனியா எடுத்து, ஒரு சர்வீஸா நினைச்சு ரிவ்யூ பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏன்னா என்னைக் கேட்டா அந்த பில்லுலயே காசு எங்க போச்சுனு கண்ணால பாக்க முடிஞ்ச லைன் அதுதான்.

முதல்ல குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். பில்லுல ஸ்டேட்டோட 30 டாலர் பேஸ் ஃபீ இருக்கும், காரோட வெயிட்டுக்கு ஒரு ஃபீ இருக்கும், அப்புறம் ஆர்டிஏ டேக்ஸ்னு ஒரு பெரிய தொகை இருக்கும், அது சவுண்ட் டிரான்சிட்டுக்கு, லைட் ரயிலுக்குப் போறது. லைட் ரயிலை விரிவாக்க இந்த டேக்ஸை ஏத்துன 2016 ஓட்டெடுப்புக்கு அப்புறம் எல்லாரும் கத்துனது இந்த ஆர்டிஏவைப் பாத்துதான், காரோட நிஜ மார்க்கெட் விலையை விட அதிகமா மதிப்பு போடுற பழைய டேபிளை வச்சு கணக்கு போட்டதால அந்தக் கோபத்துல நியாயமும் இருக்கு. சிட்டி வாங்குறது இது இல்ல, டிபிடினு இருக்கும் பாருங்க, டிரான்ஸ்போர்ட்டேஷன் பெனிஃபிட் டிஸ்ட்ரிக்ட், அதுதான்.

வாஷிங்டன் ஸ்டேட் சட்டப்படி ஒரு சிட்டி இந்த டிபிடியை ஆரம்பிச்சா மக்கள்கிட்ட கேக்காமலே வண்டிக்கு 20 டாலர் போடலாம், அது ரெண்டு வருஷம் நடைமுறையில இருந்தா 40, அதுவும் ரெண்டு வருஷம் இருந்தா 50. அதுக்கு மேல வேணும்னா ஓட்டுக்குப் போகணும், 100 டாலர் வரைக்கும். வாங்குன காசை இஷ்டத்துக்கு செலவு பண்ண முடியாது, போக்குவரத்துக்குத்தான், அதுவும் பிளான்ல இருக்குற வேலைக்குத்தான். ரோடு போடலாம், ரிப்பேர் பண்ணலாம், பஸ் ஓட்டலாம், நடைபாதை, சைக்கிள் பாதை போடலாம். வருஷா வருஷம் ரிப்போர்ட் போடணும், ஒரு வேலையோட செலவு ஒரிஜினல் மதிப்பீட்டைவிட 20 சதவீதத்துக்கு மேல ஏறினா பப்ளிக் ஹியரிங் வைக்கணும். இந்த ரூல் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏன்னா இதே ஊர்ல 2002ல மோனோரயில் கட்டுறோம்னு சொல்லி கார் மதிப்புல 1.4 சதவீதம் டேக்ஸுக்கு ஓட்டு வாங்குனாங்க, 2005ல திட்டத்தையே மூடிட்டாங்க, ஒரு ஸ்டேஷன் கூட வரல, கடனை அடைக்க அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் டேக்ஸ் ஓடுச்சு. அதைக் கட்டினவங்களுக்கு கார் டேப்ஸ்னாலே நம்பிக்கை வராது, அதுல தப்பே இல்ல.

இப்ப மெயின் மேட்டர். 2014 ஏப்ரல்ல சியாட்டில் இருக்குற கிங் கவுன்ட்டி முழுக்க 60 டாலர் கேட்டு ஓட்டுல தோத்தாங்க, அதனால கவுன்ட்டியோட பஸ் சர்வீஸான மெட்ரோ, பஸ்ஸைக் குறைக்க ஆரம்பிச்சுது, அந்த செப்டம்பர்ல 28 ரூட் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல சியாட்டில் மட்டும் தனியா ஓட்டு வச்சு 60 டாலரும் 0.1 சதவீத சேல்ஸ் டேக்ஸும் பாஸ் பண்ணுச்சு, ஆறு வருஷத்துக்கு. சிட்டி பஸ் வாங்கல, டிரைவர் வைக்கல, மெட்ரோகிட்ட இருந்து பஸ் ஓடுற நேரத்தை மணிக்கணக்குல வாங்குச்சு, ஸ்டாப்புல 80 சதவீதம் சியாட்டிலுக்குள்ள இருக்குற ரூட்டுக்குத்தான்னு கண்டிஷன் போட்டு. வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு 20 டாலர் ரிபேட்டும் வச்சாங்க.

ரிசல்ட் சும்மா சொல்லக்கூடாது. 2015ல இருந்து பஸ் கூடுச்சு, 2016 மார்ச்ல ரேபிட்ரைடுங்குற பஸ் சர்வீஸோட சி லைனையும் டி லைனையும் பிரிச்சு சி லைனை சவுத் லேக் யூனியன் வரைக்கும் நீட்டுனாங்க, அங்க வேலை பாக்குற நம்மாளுங்க எத்தனை பேருக்கு அது லைஃபையே மாத்துச்சுனு எனக்குத் தெரியும். 2017ல ராத்திரி சர்வீஸை மாத்துனாங்க, அதுக்கு முன்னாடி 82, 83, 84னு யாருக்கும் புரியாத மாதிரி சுத்துற ரூட்டு, அதுக்கப்புறம் பகல்ல ஓடுற அதே நம்பர்லயே ராத்திரியும் பஸ். ஹோட்டல், ஹாஸ்பிடல்ல நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம். 2015ல பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வர்ற ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷத்துல நடந்து போகக்கூடிய வீடு 25 சதவீதம்தான், 2019ல அது கிட்டத்தட்ட 70 சதவீதம். கார் ஓட்டுறவன் கட்டின காசுல பஸ் விட்டா எனக்கென்ன லாபம்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அந்த பஸ்ஸுல இருக்குறவங்க எல்லாம் ஆளுக்கொரு கார் எடுத்துட்டு உங்க முன்னாடி வந்து நின்னா என்ன ஆகும்னு மெர்சர் ஸ்ட்ரீட்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு யோசிச்சுப் பாருங்க.

குறையும் இருக்கு. ஒரு கட்டத்துல காசு கையில இருந்தும் வாங்குறதுக்கு பஸ் மணிநேரம் கிடைக்கல, மெட்ரோகிட்ட டிரைவரும் பத்தல, பஸ் நிறுத்த டிப்போல இடமும் பத்தல. அப்புறம் 2018ல கவுன்சில் ரூல்ஸைத் தளர்த்தி ஹைஸ்கூல் பசங்களுக்கு ஃப்ரீ ஆர்கா கார்டு (பஸ், ரயில்ல டிக்கெட்டுக்குத் தட்டுற கார்டு), பஸ் வேகமா போறதுக்கான ரோடு வேலைனு கொஞ்சம் திருப்புனாங்க. பசங்களுக்குக் குடுத்தது நல்ல செலவுதான், ஆனா ஓட்டுக் கேக்குறதுக்கு முன்னாடியே டிப்போ கணக்கைப் பாத்திருக்கணும்.

பெரிய குறை என்னன்னா பதினஞ்சு வருஷ பழைய கொரோலாவுக்கும் புது டெஸ்லாவுக்கும் ஒரே 60 டாலர். சிட்டியைத் திட்டியும் பிரயோஜனம் இல்ல, டிபிடி சட்டம் வண்டிக்கு இவ்ளோனு ஃப்ளாட்டாத்தான் போட விடுது, மதிப்பு வச்சு வாங்குற அதிகாரம் சிட்டிக்குக் கிடையாது.

அப்புறம் 2019ல ஐ-976னு மக்கள் கையெழுத்து வாங்கி ஓட்டுக்குக் கொண்டு வந்த சட்டம் வந்து டேப்ஸ் எல்லாம் 30 டாலர்னு ஸ்டேட் முழுக்க ஜெயிச்சுது, 2020 அக்டோபர்ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. ஆனா கேஸ் எப்படிப் போகும்னு தெரியாததால சிட்டி முன்னாடியே 60 டாலரை விட்டுட்டு, 2020 நவம்பர் ஓட்டுல பஸ்ஸுக்கு 0.15 சதவீத சேல்ஸ் டேக்ஸை மட்டும் கேட்டு வாங்கிடுச்சு. இது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல, கார் இல்லாதவங்க வாங்குற செருப்புலயும் சோப்புலயும் இருந்து பஸ் காசு வருது இப்ப. அதே நேரத்துல கவுன்சில், மக்கள் ஓட்டு இல்லாமலே போடக்கூடிய அந்த 20 டாலர் ஃபீயை 40 ஆக்க முடிவு பண்ணுச்சு, வெஸ்ட் சியாட்டில் பிரிட்ஜ் மூடிக் கெடந்த சமயம், இந்தக் காசை பாலங்களுக்கே வைக்கணும்னு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. பாலம் முக்கியம்தான், ஆனா வருஷத்துக்கு சில மில்லியன் வர்ற ஃபீயை வச்சு பாலம் கட்ட முடியாது, பஸ் மணிநேரமும் நடைபாதையும் வாங்கலாம்.

ரேட்டிங்: 60 டாலர் காலத்துக்கு அஞ்சுக்கு நாலு, இப்ப இருக்குறதுக்கு மூணு. பஸ்ஸுக்கான இந்த சேல்ஸ் டேக்ஸ் 2027 மார்ச் வரைக்கும்தான், அதுக்கடுத்து என்னங்குறதை முடிவு பண்ணும்போது கார் டேப்ஸையும் கணக்குல சேக்கச் சொல்லி உங்க கவுன்சில் மெம்பருக்கு ஒரு மெயில் போடுங்க, ரிபேட்டையும் மறக்காம கேளுங்க.