வியட்நாமுக்கு கூகுள் டிரான்ஸ்லேட் போதுமா?

திருச்சியிலிருந்து நேராக சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்) விமானம் வந்துவிட்டதால், காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் டூர் கம்பெனி தயவில்லாமல் வியட்நாம் போய்வருவது சுலபமாகிவிட்டது. ஆனால் அங்கே நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தமிழ் செல்லாது. சின்னக் கடைகளில் ஆங்கிலமும் செல்லாது. கூகுள் டிரான்ஸ்லேட்தான் கதி. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே தமிழ், வியட்நாமியம் இரண்டையும் டவுன்லோட் செய்துவிடுங்கள். நெட் இல்லாமலும் ஓடுகிறதா என்று ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு வாக்கியம் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மைக்கில் நம் ஊர்ப் பேச்சு எடுபடாது. அடித்துக் காட்டுவதே மேல். அதிலும் எழுத்துத் தமிழில், எழுவாய் விடாமல், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். ‘போடாதீங்க’ என்று மட்டும் அடித்தால் எதைப் போடக் கூடாது என்பதை ஆப் தானாக ஊகித்துக்கொள்ளும். வந்த வியட்நாமிய வரியைத் திருப்பித் தமிழாக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் ஸ்டார் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றுகொண்டு அடிக்கிற வேலை மிச்சம்.

கேமரா அச்சடித்த மெனுவை நன்றாகவே படிக்கிறது. பளபள லேமினேஷனிலும் சாக்பீஸ் பலகையிலும்தான் சறுக்கும், ஏனென்றால் அந்த மொழியில் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகளில்தான் பொருளே இருக்கிறது. பி, ஓ என்ற இரண்டே ஆங்கில எழுத்து: ஓவின் தலைக்கு மேல் சாய்கோடு இருந்தால் மாட்டிறைச்சி, வலது தோளில் சின்னக் கொக்கி இருந்தால் வெண்ணெய் அல்லது அவகாடோ. ஆப் என்ன சொன்னாலும் இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிற ஆச்சிமார் கூட வந்தால் ‘காய்கறி மட்டும்’ என்ற வரி போதாது. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரையில்கூட மீன் சாஸ் விழும். ‘மீன் சாஸ், சிப்பி சாஸ், எலும்புச் சாறு வேண்டாம்’ என்று தனித்தனி வரிகளாக வைத்திருங்கள். அதைவிட ‘சாய்’ (Chay) என்று பலகை வைத்த சைவக் கடையைத் தேடுவது நிம்மதி. அமாவாசை, பௌர்ணமியன்று பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் அன்றைக்குத் தட்டுப்பாடே இருக்காது.

காசு விஷயத்தில் ஆப்பை விட்டுவிட்டு கால்குலேட்டரை நீட்டுங்கள். பலகையில் 50 கே என்றால் 50,000 டாங். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீலம்தான். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.