மலைச்சரிவில் லியூபோல்ட் ஆர்எக்ஸ்-ஃபுல்டிரா 4 தூரமானி

வட அமெரிக்காவின் ராக்கி மலையில் மரங்கள் முடிந்து புல்லும் பாறையும் மட்டும் மிஞ்சும் உயரத்தில், வில் வேட்டைப் பருவத்தில் கடா மியூல் மான்கள் காலை மேய்ச்சல் முடிந்ததும் பாறை நிழலில் படுத்துவிடும். வெயில் ஏற ஏற காற்றும் சரிவில் மேல்நோக்கி ஏறும். மனித வாடை மானுக்கு எட்டாமலிருக்க மேலேயிருந்துதான் இறங்க வேண்டும். ஆகவே கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாய்ந்த அம்பு. லேசரால் தூரம் அளக்கும் இந்த லியூபோல்ட் தூரமானியை எடைபோட வேண்டிய இடம் இதுதான். சமதரையில் எல்லாத் தூரமானியும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

நேர்த்தூரம் 40 கெஜம், சாய்வு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 280 அடி வேக அம்பை வில்லின் சைட்டில் (குறிபார்க்கும் கருவி) 40 கெஜத்துக்கான முள்ளை வைத்து எய்தால் ஏறக்குறைய 5 அங்குலம் மேலே படும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகுச் சதைக்குப் போய்விடும், மான் காயத்தோடு ஓடிவிடும். சரிவில் கணக்குக்கு வருவது கிடைமட்டத் தூரம் என்பதால் எய்ய வேண்டிய தூரம் 34.6 கெஜம்தான். இந்தக் கருவி பத்தில் ஒரு கெஜம் வரை காட்டுகிறது. சாய்வைக் கணக்கிடும் வேலையைப் பல கருவிகளும் செய்யும் என்பதால் இதற்காக மட்டும் காசு கொடுக்கத் தேவையில்லை.

வாங்கத் தூண்டுவது 'ஃபிளைட்பாத்', அம்புப் பாதையின் உச்சத்தைக் காட்டும் வசதி. அம்பு நேர்கோட்டில் போவதில்லை. அதே 280 அடி வேகத்தில் 40 கெஜத்துக்கு எய்தால், பாதி வழியில் அது கண்பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய 7 அங்குலம் மேலே இருக்கும். 50 கெஜத்துக்கு ஓர் அடி மேலே. நாணில் பொருத்திய 'பீப்' என்ற சிறு துளை வழியாகப் பார்க்கும்போது மான் தெளிவாகத் தெரியும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியிலைக் கிளை பார்வையை மறைக்காது. அம்பு அதில்தான் மோதும். பாதையின் உச்சம் எங்கே என்பதைக் காட்சிக்குள்ளேயே காட்டிவிடுவதால், வில்லை இழுப்பதற்கு முன்பே ஓர் அடி நகர்ந்து உட்கார முடிகிறது. பைன் மர விளிம்பில் பதுங்கிச் செல்பவருக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அம்பு வேகம், பீப் உயரம் என்று கருவிக்கு நாம் கொடுக்கும் எண் தப்பானால் காட்டும் வளைவும் தப்புதான். வில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபிஓ வேகத்தை (வில்களை ஒப்பிடப் பயன்படும் தர அளவு) அப்படியே போடாதீர்கள். அது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம், 350 கிரெயின் (அம்பு எடையின் அலகு) அம்புக்கு அளந்தது. 450 கிரெயின் வேட்டை அம்பின் வேகம் அதைவிட நன்றாகவே குறையும். பிராட்ஹெட் (வேட்டைக் கூர்முனை) பூட்டிய அதே எடை அம்பைக் குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) எய்து வந்த எண்ணையே போடுங்கள். பீப் உயரத்தை முழுதாக இழுத்த நிலையில், அம்பின் நடுவிலிருந்து பீப்பின் நடுவரை, இன்னொருவரை வைத்து அளக்க வேண்டும். வில் சும்மா இருக்கும்போது அளந்தால் வேறு எண் வரும்.

உள்ளே எழுத்துகள் சிவப்பு ஓலெட், அதாவது தானே ஒளிரும் திரை. அந்தி நேரத்தில், கறுப்பு எழுத்துக் கருவிகள் கைவிடும் வெளிச்சத்திலும் இதைப் படிக்கலாம். உச்சி வெயிலில் வெளுத்த பாறைமேல் பார்க்க ஒளியைக் கூட்ட வேண்டியிருக்கும். பதுங்கத் தொடங்கும் முன்பே கூட்டிவிடுங்கள், மான் பக்கத்தில் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சிஆர்2 பேட்டரி சின்னது; கூடுதலாக ஒன்று உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

லேசரின் பொதுக் குறை இதிலும் உண்டு. படுத்திருக்கும் மானின் கொம்பும் காதும் மட்டும் தெரியும்போது, முன்னாலுள்ள புல்லையோ சேஜ்பிரஷ் புதரையோ அளந்துவிட்டு 6, 7 கெஜம் குறைத்துச் சொல்லும். பக்கத்தில் உள்ள பாறையை மூன்று முறை அளந்து, ஒத்துவரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவியால் ஆகாதது ஒன்று: சைட்டின் மூன்றாம் அச்சு, அதாவது மேலோ கீழோ சாய்த்துக் குறிபார்க்கும்போதும் மட்டக் குமிழி சரியாகக் காட்டுவதற்கான அமைப்பு. அது சரியில்லாவிட்டால் சமதரையில் நடுவில் நிற்கும் குமிழி சரிவில் பொய் சொல்லும், அம்பு இடமோ வலமோ விலகும். தோளை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்து எய்வதும் உங்கள் பொறுப்பே.

எழுந்ததும் நாலு எட்டு வைத்து நின்று திரும்பிப் பார்ப்பது மியூல் மானின் வழக்கம். படுக்கைக்கு இடமும் வலமும் உள்ள இரண்டு பாறைகளை அது எழும் முன்பே அளந்து வையுங்கள்.