ஸ்விட்ச்சா, ஸ்டீம் டெக்கா: கேம்களை வைத்து முடிவு செய்தால்

கையடக்க கன்சோல் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் பேச்சு சிப், திரை, பேட்டரி என்றுதான் ஆரம்பிக்கிறது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதில் மட்டுமே கிடைக்கிற கேம்களில் நீங்கள் நிஜமாகவே உட்கார்ந்து முடிக்கப்போவது எத்தனை?

நிண்டெண்டோ ஸ்விட்ச்சின் பலம் அதன் சொந்தக் கேம்கள். 2017-இல் 'மாரியோ ஒடிஸி', 2021-இல் 'மெட்ராய்ட் டிரெட்', 2023-இல் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்'. ஸ்விட்ச் குடும்பத்தை விட்டால் இவை வேறெங்கும் அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. அதிலும் டியர்ஸ் ஒன்றே போதும் என்பேன். மரக்கட்டை, சக்கரம், மின்விசிறி என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒட்டி நீங்களே வண்டி கட்டலாம், ஆற்றைக் கடக்கப் படகு செய்யப்போய் அது பாதியில் கவிழ்ந்தால் விசிறியை ஒரு பக்கம் தள்ளி ஒட்டி மறுபடி விடலாம், இப்படியே ஒரு சாயங்காலம் ஓடிவிடும். சில இடங்களில் ஃபிரேம் ரேட் தடுமாறி படம் திக்கித் திக்கி ஓடும், பரவாயில்லை.

ஆனால் 'ஹேடிஸ்', 'செலஸ்ட்', 'ஸ்டார்டியூ வேலி', 'ஹாலோ நைட்' மாதிரி கேம்களை மனதில் வைத்து ஸ்விட்ச் வாங்காதீர்கள். எல்லாமே நல்ல கேம்கள்தான், ஆனால் எல்லாமே கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமிலும் இருக்கின்றன.

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த ஸ்டீம் டெக்குக்கென்று தனிக் கேம் பட்டியலே கிடையாது. கணினியில் ஏற்கெனவே வாங்கி வைத்த ஸ்டீம் கேம்கள் அப்படியே அதில் வந்துவிடும், 'எல்டன் ரிங்' உட்பட. உள்ளே இருப்பது ஸ்டீம் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதில் விண்டோஸ் கேம்களை புரோட்டான் என்ற மென்பொருள் ஓட்டுகிறது. சிக்கல் வருவது ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) இருக்கும் ஆன்லைன் கேம்களில்தான்: ஃபோர்ட்நைட், வாலரன்ட், டெஸ்டினி 2 மூன்றுமே ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது. நண்பர்களோடு தினமும் ஆடுவது இவைதான் என்றால் டெக்கை மறந்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு கேமுக்கும் வால்வ் போடும் முத்திரையைப் பாருங்கள். 'வெரிஃபைடு' என்றால் கவலையில்லை. 'பிளேயபிள்' என்று இருந்தால் எழுத்து பொடியாக இருக்கலாம், விசைப்பலகையை நாமே வரவழைக்க வேண்டியிருக்கலாம். பெரிய மானிட்டருக்காகச் செய்த வியூக விளையாட்டுகளை 7 அங்குலத் திரையில் படிப்பது கண்ணுக்கு வேலைதான்.

பிரத்யேகக் கேம் என்பதும் நிரந்தரமில்லை. சோனியின் பழைய கையடக்க கன்சோலான பிஎஸ் வீட்டாவை வாங்கப் பலருக்கும் காரணமாக இருந்த 'பெர்சோனா 4 கோல்டன்' 2020-இல் ஸ்டீமுக்கு வந்துவிட்டது. நிண்டெண்டோ தன் பெரிய கேம்களை அப்படி விடுவதாக இல்லை, விலையையும் லேசில் குறைப்பதில்லை. ஸ்டீமிலோ தள்ளுபடிக்குக் குறைவே இல்லை.

அதனால் ஸ்டீமில் பாதி கேம்கள் தொடாமலே கிடக்கிறவர்கள் யோசிக்காமல் டெக் வாங்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நிண்டெண்டோ கேம்களில் விளையாடியே தீரவேண்டும் என்று தோன்றுவதை எழுதிப் பாருங்கள், நாலைந்து தேறினால் ஸ்விட்ச்தான் சரி. இப்போது வாங்குவதென்றால் 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-ஐயே பாருங்கள், பழைய கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். ஸ்விட்ச் கேம்கள் வரும் கார்டை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. ஒன்று மட்டும், ஸ்விட்ச் 2-வின் சில கார்டுகளில் கேம் இருக்காது, வெறும் சாவி மட்டும்தான், மீதியை இணையத்தில் இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைப் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.