கேமராவை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் மானிட்டரைச் சோதியுங்கள்

வீட்டுக்கு சிசிடிவி போடுபவர்கள் ஒருமுறை ஏமாந்து, அதே காரணத்தால் மறுபடியும் பணம் இழப்பது தொடர்ந்து நடக்கிறது. கேமரா, அதன் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, மானிட்டர் மூன்றையும் ஒரே செட்டாகக் கொடுப்பார்கள். கேமரா 2 மெகாபிக்சல், மானிட்டர் ஃபுல் எச்டி என்று பில்லில் இருக்கும். மாட்டிவிட்டுப் போனபின் பார்த்தால் வாசலில் நிற்பவரின் முகமே தெரியாது. கூப்பிட்டுக் கேட்டால், "2 மெகாபிக்சல்னா இவ்வளவுதான் சார், 5 மெகாபிக்சலுக்கு மாறிடுங்க" என்று பதில் வரும். கேமராவை மாற்றினால், பழைய டிவிஆர் 5 மெகாபிக்சலை ஏற்காதென்று அதையும் மாற்றச் சொல்வார்கள். இத்தனைக்கும் கேமராவில் ஒரு குறையும் இருக்காது.

இப்படிக் கேமராக்களைக் கழற்றப்போன ஒரு வீட்டு செட்டில் இருந்தது இதுதான்: எட்டு கேமரா, 19 அங்குல மானிட்டர். அட்டைப்பெட்டியில் "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பேனலின், அதாவது உள்ளே இருக்கும் திரைப்பலகையின், உண்மையான ரெசல்யூஷன் (அகலம்×உயரத்தில் உள்ள புள்ளிகள்) 1366×768. 'சப்போர்ட்' என்றால் 1920×1080 சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வாங்கியதைச் சுருக்கித்தான் காட்டும். கணக்குப் போட்டால் ஃபுல் எச்டியில் 20.7 லட்சம் புள்ளிகள், இதில் 10.5 லட்சம். எட்டு கேமராவை 3×3 கட்டமாகப் பார்க்கும்போது ஒரு கேமராவுக்குக் கிடைப்பது 455×256 புள்ளிதான். போதாததற்கு டிவிஆரின் வெளியீடு 1280×1024-இலேயே விடப்பட்டிருந்தது. அகலத் திரையில் அதை இழுத்துக் காட்டியதால் ஆட்கள் எல்லாரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிந்தார்கள்.

அதனால் கேமராவை மாற்ற ஒத்துக்கொள்ளும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டிவிஆரின் பேக்கப் மெனுவில் போய், பகல் நேரத்து ஐந்து நிமிடப் பதிவை பென் டிரைவில் எடுத்து, நல்ல லேப்டாப் திரையில் ஓடவிடுங்கள். அங்கே முகம் தெளிவாகத் தெரிந்தால் கேமராவும் பதிவும் சரி, கோளாறு மானிட்டரிலோ இணைப்பிலோ டிவிஆரின் வெளியீட்டு அமைப்பிலோதான். அங்கேயும் மங்கல் என்றால் மட்டும் கேமராவின் ஃபோகஸ், லென்ஸ் தூசி, பதிவு ரெசல்யூஷன் பக்கம் போகலாம். இன்னொன்று: கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது பல ரெக்கார்டர்கள் சப் ஸ்ட்ரீம் என்ற குறைந்த தரப் படத்தைத்தான் காட்டும். ஒரு கட்டத்தை மவுஸால் டபுள் கிளிக் செய்து முழுத்திரையாக்கிப் பார்க்காமல் தரத்தை முடிவு செய்யாதீர்கள்.

மானிட்டரின் உண்மையான ரெசல்யூஷனைக் கண்டுபிடிக்க, லேப்டாப்பை எச்டிஎம்ஐ-யில் இணைத்து டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெகமெண்டட்' என்று வரும் எண்ணைப் பாருங்கள். ஆனால் 768 பேனல் கொண்ட சில சின்ன டிவிகள் தம்மை 1920×1080 என்றே சொல்லிக்கொள்ளும். ஆகவே பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் உறுதியானது. லேபிளில் மாடல் எண்ணோ சீரியல் எண்ணோ இல்லையென்றால், அல்லது பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் வேறுவேறாக இருந்தால், பழைய பேனலைப் புதுக் கூட்டில் போட்டு விற்றிருக்கலாம். வெள்ளைத் திரை மஞ்சளடிப்பது, மூடியின் விளிம்பில் நெம்பிய தடம் இருப்பது இரண்டும் அதற்கான அடையாளங்கள்.

"சிசிடிவி மானிட்டர்" என்று தனி விலை சொன்னால் காரணம் கேளுங்கள். 24 மணி நேர ஓட்டத்துக்கென்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததா, பிஎன்சி உள்ளீடு (கேமரா கேபிளைச் செருகும் வட்ட முனை) உண்டா? இரண்டும் இல்லையென்றால் அது சாதாரண கணினி மானிட்டர். எதிர்ப்பக்கமும் ஏமாறாதீர்கள்: 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 4கே திரையில் கூடுதல் தெளிவு பெறாது, கட்டங்கள் பல இருந்தால் மட்டும் ஓரளவு பயன். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் திரை சுத்தமாக வீண். கேமரா தருவதே நொடிக்கு 15 முதல் 30 ஃப்ரேம்தான்.

நான்கு கேமராவுக்கு 22 அங்குலம், எட்டுக்கு 24, பதினாறுக்கு 32. இது எங்கள் பரிந்துரை. சுவரில் உயரமாக மாட்டுவதானால் ஐபிஎஸ் அல்லது விஏ பேனல் கேளுங்கள். டிஎன் என்ற இன்னொரு வகைப் பேனலைக் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு, நிறமே தலைகீழாகும். பின்னால் சுவர் ஸ்டாண்டுக்கான 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இடைவெளித் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லாத மானிட்டரை ஒட்டுப்போட்டு மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

இணைப்பில் நடக்கும் அலட்சியம் இன்னும் மோசம். எச்டிஎம்ஐ இணைப்பு டிஜிட்டல், பழைய விஜிஏ இணைப்பு அனலாக். இடையில் மாற்றித்தரும் சிப் இல்லாத வெறும் கேபிள் வேலை செய்யாது. சிப் உள்ள கன்வெர்ட்டரும் ஒரு திசையில்தான் வேலை செய்யும். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு என்று வாங்கியதைத் திருப்பிப் போட முடியாது. படம் வந்து, சூடானதும் அறுந்து அறுந்து போகிறதா? எச்டிஎம்ஐ போர்ட் தருவதாக உறுதி சொல்லும் மின்சாரம் 5 வோல்ட்டில் 55 மில்லியாம்பியர் மட்டுமே. கன்வெர்ட்டருக்கு அது போதாமல் போகலாம். யூஎஸ்பி மின் இணைப்புள்ள கன்வெர்ட்டரைக் கேளுங்கள். அதைவிட, எச்டிஎம்ஐ உள்ள மானிட்டரை நேரடியாக இணைப்பதே நல்லது.

12 வோல்ட் மானிட்டரைக் கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலேயே கோத்துவிடும் குறுக்குவழியும் உண்டு, தனி அடாப்டர் காசு மிச்சமாம். நான்கு கேமராவுக்குக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 5 ஆம்பியர். இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது கேமரா ஒவ்வொன்றும் அரை ஆம்பியர் வரை இழுக்கும், மானிட்டர் இரண்டு மூன்று ஆம்பியர் கேட்கும். பகலில் எல்லாம் ஒழுங்காக இருந்து, இருட்டியதும் படம் நடுங்கினால், கேமரா மாறி மாறிப் போனால், முதலில் இந்த வயரைத் தேடுங்கள். தேவையே இல்லாமல் கேமரா மாற்றப்படும் வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

டிவியை மானிட்டராகப் பயன்படுத்தினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, மூலையில் உள்ள தேதியும் நேரமும் காணாமல் போகும். அது ஓவர்ஸ்கேன். பட அளவு மெனுவில் 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தால் சரியாகும். இரவுப் படத்தில் நிழல் பகுதி முழுக் கருப்பாகத் தெரிந்தால் டைனமிக் மோடை நிறுத்திவிட்டு எச்டிஎம்ஐ பிளாக் லெவலை மாற்றிப் பாருங்கள். சில மணி நேரத்தில் தானாக அணைந்தால் ஆட்டோ பவர் ஆஃப்பை நிறுத்துங்கள். திரை அணைந்தாலும் பதிவு நிற்காது. பதிவு நடப்பது டிவிஆரில்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் மானிட்டர் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டிவிஆர் அனுப்பும் ரெசல்யூஷனை அந்தத் திரை ஏற்கவில்லை, அவ்வளவே. பெரிய டிவி ஒன்றில் தற்காலிகமாக இணைத்தோ, கணினியில் டிவிஆரின் ஐபி முகவரியைத் திறந்தோ வெளியீட்டைப் பேனலின் அளவுக்கு மாற்றி, சேமித்து, பழைய மானிட்டரை மறுபடி இணைக்கலாம். இதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். மாட்டியவர் அதைத் தராமல் போயிருந்தால், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் அதையும், மானிட்டரின் மாடல் எண், பேனல் ரெசல்யூஷன் இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.