58.80 டாலர் போச்சு: "இரண்டு தசம இடம்" என்று பார்த்தால் உஷார்

நேற்று இரவுதான் பணம் வந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை. எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படங்களுக்குக் குறிச்சொல் போடும் சில்லறை வேலைகளைத் தரும் ஓர் இணையத்தளம். பெயர் வேண்டாம். படத்துக்கு 0.0149 டாலர். ஒரு மாதம் கண் எரிய உட்கார்ந்து 12,000 படம் முடித்தேன். 178.80 வர வேண்டும். வந்தது 120.00. மீதி 58.80 எங்கே?

விதிமுறையைப் படிக்காமல் சேரவில்லை. "தொகை இரண்டு தசம இடங்களுக்கு முழுமைப்படுத்தப்படும்" என்று ஒரு வரி இருந்தது. சரி, நியாயம்தானே, மொத்தத்தில் அரை சென்ட் கூடும் அல்லது குறையும், அதற்கென்ன என்று 'சம்மதம்' அழுத்தினேன். அங்கேதான் ஏமாந்தேன். மொத்தத்தை இல்லை, ஒவ்வொரு படத்தின் கூலியையும் தனித்தனியாக ரவுண்ட் செய்திருக்கிறார்கள். 0.0149-இல் நூறில் ஒன்றாம் இடத்தில் 1, அதற்கு அடுத்து 4. ஐந்துக்குக் கீழே என்பதால் 1 அப்படியே நிற்கும், பின்னால் உள்ள 49 உதிர்ந்துவிடும். ஒரு படத்தில் போவது 0.0049தான். 12,000 தடவை போனால் 58.80. கூலியை 0.0150 என்று வைத்திருந்தால் 0.02 ஆகி, எனக்கு 240 டாலர் தர வேண்டியிருக்கும். 0.0149 தற்செயலாக வந்த எண் என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

கேட்டேன். "கணினி தானாகவே கணக்கிடுகிறது" என்று முதல் பதில். ஆத்திரத்தில் நானும் ஒரு தப்பு செய்தேன்: 9 இருப்பதால் 4 ஐந்தாகும், ஐந்து இருப்பதால் 1 இரண்டாகும், எனவே 0.02 கொடுங்கள் என்று வாதாடினேன். ஒரு பிரதிநிதி அதைப் பிடித்துக்கொண்டு பாடமே எடுத்துவிட்டார். அடுத்த ஓர் இலக்கத்தை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம், ரவுண்ட் செய்ததையே மறுபடி ரவுண்ட் செய்யக்கூடாதாம். சரியான பாடம்தான். கூட்டி முடித்த பிறகு கடைசியில்தான் ரவுண்ட் செய்ய வேண்டும் என்ற பாதியை மட்டும் விட்டுவிட்டார். மூன்றாவது மடலுக்குப் பதிலே இல்லை, புகாரின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு பச்சைப் பட்டை.

துளித்துளியாக வெட்டினால் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு: கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்றாம் தசம இடத்துக்குப் பின்னால் இருப்பதை வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் 524 சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. சரியாகப் போட்டால் 1098 சொச்சம். அவர்களாவது திருத்தினார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. கூலியில் இரண்டுக்கு மேல் தசம இடம் இருந்தால், ரவுண்ட் செய்வது ஒவ்வொன்றுக்குமா மொத்தத்துக்கா என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நூறு படம் மட்டும் செய்து கணக்கைப் பாருங்கள். 1.49 வர வேண்டிய இடத்தில் 1.00 வந்தால் அன்றைக்கே ஓடிவிடுங்கள்.

நான்காவது மடல் இப்போதுதான் போட்டேன். தலைப்பில் 58.80 என்று மட்டும்.