1942: ஒரு போர்க்கால ஆண்டின் குறிப்பேடு

போர்க்கால ஆண்டுகளைத் தனித்தனியே தொகுத்து வெளியிடப்படும் கையடக்கக் குறிப்பேடுகளில் 1942ஆம் ஆண்டுக்கானதை வாங்கிப் படித்தேன். நிகழ்வு, பிறப்பு, இறப்பு ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் கலந்தே அச்சிட்டிருப்பது இதன் பெருஞ்சிறப்பு.

ஏப்ரல் பக்கத்தில், 5ஆம் தேதி கொழும்பின் மீதும் 9ஆம் தேதி திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதும் அடுத்தடுத்து வர, அடியில் 28ஆம் தேதி உ.வே.சாமிநாதையரின் மறைவு பதிவாகியிருக்கிறது. போர் அச்சத்தால் சென்னையை விட்டுச் சென்று தங்கியிருந்த திருக்கழுக்குன்றத்தில்தான் அந்த 87 வயதுப் பேரறிஞர் காலமானார் என்பதை அறிந்தவர்களுக்கு, மேல் வரிகளும் அடி வரியும் ஒரே செய்தியாகவே தெரியும். ஆகஸ்டிலும் அப்படித்தான்: 8ஆம் தேதி பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம், 15ஆம் தேதி ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயின் மரணம்.

ஸ்டீபன் ஹாக்கிங், முகம்மது அலி, அமிதாப் பச்சன் என்று பிறப்புகள் சுருக்கமாக உள்ளன, அது போதும்.

மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் வீழ்ந்ததற்கு ஒரு வரி இருக்கிறது. ஆனால் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்து, வழியில் பசியாலும் நோயாலும் மாண்டுபோன இந்தியர்களைப் பற்றி, அவர்களுள் தமிழர் பலர் இருந்தும், ஒரு சொல்கூட இல்லை. மரணத் தேதி தெரியாது என்பது அவர்களை விட்டுவிடப் போதுமான காரணமன்று. அடுத்த பதிப்பில் அரைப் பக்கமாவது அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். மற்றபடி, தாளும் எழுத்தும் நன்று. மாணவர்களுக்கு வாங்கித் தரலாம்.